மூடிய கதவும் திறந்த கதவும்: இல்லத்து மது அலமாரிகளும் அவற்றின் காட்சிமுறையும்

திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. அத்தகைய அறமரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு, மதுக்குப்பிகளை வைப்பதற்காகச் செய்யப்பட்ட மரச்சாமான்களைப் போற்றிச் சேகரிப்போரும் உண்டு என்னும் செய்தி முதலில் வியப்பையும், பின்னர் ஒருவகை வெறுப்பையும் தரக்கூடும். ஆயினும், ஒரு காலத்து மக்களின் வாழ்க்கையை அறிவதற்கு அக்காலத்துக் கவிதையும் கதையும் மட்டுமே சான்றுகள் ஆகா. நாற்காலியும் அலமாரியும்கூடச் சான்றுகளே. அவற்றையும் நூல்போல் படிக்கலாம். கவனமின்றிப் பிழைபடவும் படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்கூடங்களில் இடம்பெற்ற மது அலமாரியும், மதுமேடையும், தள்ளுவண்டியும், உயர்ந்த முக்காலியும் இன்று விலைமதிப்புள்ள பழம்பொருள்களாகிவிட்டன. அவற்றைச் சேகரிப்பது குற்றமா என்பது இக்கட்டுரையின் வினா அன்று. சேகரித்தவர் அவற்றைக் காட்சிக்கு வைக்கும் முறை அக்காலத்தைப் பற்றிய உண்மையைக் கூறுகின்றதா என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடை காண, இப்பொருள்களின் வடிவம் பிறந்த கதையை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920ஆம் ஆண்டு சனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933ஆம் ஆண்டு திசம்பரில் நீக்கப்பட்டது. மதுவை வடிப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும் தடை செய்யப்பட்டனவே அன்றி, சட்டம் வருமுன் வாங்கி வைத்திருந்ததைத் தம் வீட்டில் அருந்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆகவே, குடி பொதுவிடத்தை விட்டு வீட்டிற்குள் நுழைந்தது, நுழைந்ததும் ஒளிந்துகொண்டது. மூடியிருக்கும்போது எழுதுமேசை போலவோ நூலடுக்கு போலவோ தோன்றி, திறந்தால் கோப்பைகளைக் காட்டும் அலமாரிக்கு அச்சூழலில் தனிப்பயன் இருந்தது. விலக்கு நீங்கிய பின்னும் அவ்வடிவம் மறையவில்லை. 1930களின் அலமாரிகள் பலவற்றில் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். மேல்மூடியைத் தூக்கினால் கோப்பைத் தட்டு தானே மேலெழும். ஒளித்தல் என்னும் தேவை போய், ஒளித்ததை வெளிப்படுத்தும் இன்பம் எஞ்சியது. இப்பொருள்களின் உயிர், மூடுதலுக்கும் திறத்தலுக்கும் இடைப்பட்ட அந்த நொடியிலேயே உள்ளது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மேலும் மாறிற்று. போரிலிருந்து திரும்பியோர்க்காக நகர்ப்புறங்களில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. நியூயார்க் நகருக்கு அருகே லாங் ஐலண்டில் 1947ஆம் ஆண்டு எழத் தொடங்கிய லெவிட்டவுன் அவற்றுள் புகழ்பெற்றது. இத்தகைய புறநகர் வாழ்வில் மாலை விருந்து ஒரு சமூகச் சடங்காயிற்று; வீட்டிலுள்ள மதுமேடை அதன் அரங்காயிற்று. மேடைக்குப் பின் நின்று மதுவைக் கலந்து தருபவன் வீட்டுத் தலைவன். விருந்து முடிந்தபின் கோப்பைகளைக் கழுவி அடுக்கும் வேலையோ பெரும்பாலும் மனைவியினுடையது. அந்த விருந்தில் யார் கலந்துகொள்ள முடிந்தது என்பதையும் மறத்தலாகாது. லெவிட்டவுனின் தொடக்ககாலக் குத்தகைப் பத்திரங்கள், பணியாளர் நீங்கலாக, வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருத்தல் கூடாதென விதித்திருந்தன. பளபளக்கும் ஒரு மதுமேடையை மட்டும் பார்ப்பவர்க்கு இவற்றுள் எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

வடிவத்தைப் போலவே மரமும் பேசும். டென்மார்க்கு நாட்டுத் தச்சுக்கலைஞர்கள் அக்காலத்தில் தேக்கு மரத்தையும் பிரேசில் நாட்டு ஈட்டி மரவகையையும் கொண்டு நேர்த்தியான அலமாரிகளைச் செய்தனர். அவ்விரண்டும் டென்மார்க்கின் குளிர்நிலத்தில் வளர்வன அல்ல. தேக்கு ஆசியக் காடுகளின் செல்வம். ஆங்கிலேயர் அதனை அழைக்கும் 'டீக்' என்னும் பெயர், மலையாளச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகச் சென்றது. தமிழ்த் தேக்கும் அதனோடு உறவுடைய சொல்லே. பிரேசில் மரமோ அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டு அருகிப்போனமையால், 1992ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு வணிகம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அம்மரத்தாலான பழைய அலமாரி எல்லை கடப்பதற்கும் உரிய சான்றிதழ் வேண்டும்.

1930களில் ஹாலிவுட்டில் தோன்றிய 'டிக்கி' மதுவகப் பாணி, தென்கடல் தீவுகளைப் பற்றிய அமெரிக்கரின் கனவில் பிறந்தது. அது வீடுகளுக்குப் பரவியபோது மூங்கிலும் பிரம்பும் மதுமேடைகளாயின. பிரம்பிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் மலாய் மொழியின் 'ரோத்தான்' என்பதிலிருந்து வந்தது. மலேசிய மாணவர்க்கு ரோத்தான் என்றதும் நினைவிற்கு வருவது தண்டனை. அமெரிக்கப் புறநகர்க்காரர்க்கோ அது ஓய்வின் சின்னம். சொல் கடல் கடந்தது, பொருளும் கடந்தது, அதனைக் காட்டில் வெட்டிய கைகள் மட்டும் எந்தக் காட்சிக்கூடத்தையும் சென்றடையவில்லை.

இனி, மேற்பரப்பைக் கருதலாம். மரச்சாமான்களுக்குப் பழங்காலத்தில் பூசப்பட்ட அரக்கு மெருகு சாராயத்தில் கரையும் இயல்புடையது. எந்த மதுவைத் தாங்கவேண்டுமோ அதுவே மேசையின் பகையாகும். அதனாலேயே கண்ணாடியும், உலோகத் தகடும், பார்மைக்கா போன்ற பலகைகளும் மதுமேடைகளின்மேல் இடம்பெற்றன. அவ்வாறு காக்கப்படாத மரத்தில் கோப்பை வைத்த வட்டக்கறை பதிந்துவிடும். இன்றைய விற்பனையாளர் முதலில் அக்கறையைத் தேய்த்து நீக்கிப் புதுமெருகு ஏற்றுகிறார். பொருள் அழகுபெறுகிறது, ஆனால், அதனை ஒருவர் பயன்படுத்தினார் என்பதற்கான சான்று அழிந்துவிடுகிறது. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த நல்லறிஞர், தாம் ஏற்காத பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டினர். அந்த நேர்மையைச் சேகரிப்பாளரிடமும் எதிர்பார்ப்பது மிகையாகாது.

காட்சிமுறையில் நேரும் பெரும்பிழை, ஒளியை மட்டும் காட்டி நிழலை விடுவதாகும். 2007 முதல் 2015 வரை ஒளிபரப்பான 'மேட் மென்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1960களின் நியூயார்க் விளம்பரத் துறையைச் சித்திரித்த அத்தொடரின் நாயகன் டான் டிரேப்பர். அவனுடைய அலுவலகத்து மதுத் தள்ளுவண்டியை, குப்பிகளோடும் கோப்பைகளோடும், வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. தொலைக்காட்சி வரலாற்றின் பொருளாக அதனை ஏற்றதில் குறை காண இடமில்லை. ஆனால், அத்தொடர் கூறிய கதை வேறு. அதில் ஃபிரெடி ரம்சன் என்னும் ஊழியன் குடியால் வேலையை இழக்கிறான். குடியை விட்ட பின்னரே மீள்கிறான். நாயகனின் வாழ்வும் குடியால் சிதைகிறது. அத்தகைய கதையைக் கண்டவருள் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது தள்ளுவண்டியின் அழகை மட்டுமே. பின்லாந்துக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1936ஆம் ஆண்டு தேநீருக்கென வடிவமைத்த தள்ளுவண்டியின் மீதும் இன்று மதுக்குப்பிகள் அடுக்கப்படுவதுண்டு. மோகம் மிகும்போது பொருளின் பிறப்பும் மறக்கப்படுகிறது.

இதற்கு மாறான நல்ல முன்மாதிரியும் உண்டு. லண்டனில் அன்று ஜெஃப்ரி அருங்காட்சியகம் எனப்பட்ட இடத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கி, மேற்கிந்தியர் வீடுகளின் முன்னறையைப் பற்றிய காட்சியொன்றை எழுத்தாளர் மைக்கேல் மக்மில்லன் அமைத்தார். கரிபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறியோர் விருந்தினர்க்கெனப் போற்றிக் காத்த அறை அது. பின்னல் விரிப்புகள், நெகிழிப் பூக்கள், சமயப் படங்கள், இசைப்பெட்டி ஆகியவற்றோடு மதுத் தள்ளுவண்டிக்கும் அவ்வறையில் இடமிருந்தது. வாடகைக்கு அறை கேட்டுச் சென்றபோது நிறத்தின் பெயரால் கதவு சாத்தப்பட்ட மக்கள், தமக்கென ஒரு வீடு அமைந்தபோது தம் தன்மதிப்பை அவ்வறையிலே நிலைநாட்டினர். இல்ல அருங்காட்சியகம் எனப் பெயர் மாறி 2021ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்ட அவ்விடத்தில், அவர் அமைத்த 1976ஆம் ஆண்டின் முன்னறையும் இடம்பெற்றது.

இக்காட்சியின் சிறப்பு எதில் உள்ளது? தள்ளுவண்டி தனித்து நிற்கவில்லை. சமயப் படத்தின் அருகே மதுக்குப்பி நிற்கும் முரண்பாடு மறைக்கப்படவும் இல்லை. லெவிட்டவுனில் செல்வத்தைப் பறைசாற்றிய அதே வகைச் சாமான், இங்கே விலக்கப்பட்டோரின் தலைநிமிர்வைக் கூறுகிறது. பொருள் ஒன்றே, அது உணர்த்தும் பொருள் வேறு. அவ்வேறுபாட்டைச் சுற்றியுள்ள மனிதரும் அறையுமே காட்டுகின்றனர்.

ஆகவே, சேகரிப்பாளர் செய்யத்தக்கவை சில உண்டு. அலமாரியைத் திறந்த நிலையில் மட்டுமன்றி மூடிய நிலையிலும் காட்டலாம். எந்த மரம், எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் செய்தார், யார் வீட்டில் இருந்தது என்பவற்றைத் தெரிந்த அளவில் எழுதி வைக்கலாம். எல்லாக் கறைகளையும் நீக்காமல் ஒன்றிரண்டையேனும் விட்டுவைக்கலாம். குப்பிகளின்றி வெறுமையாக வைப்பதும் தவறாகாது. அவ்வாறு காட்டப்படும் மது அலமாரி குடியைப் போற்றுவதாகாது. ஒரு காலத்து மக்கள் எதை மறைத்தனர், எதைப் பெருமையோடு காட்டினர் என்பதை அறிவிக்கும் ஆவணமாகும். கள்ளுண்ணாமையைக் கற்பிக்கும் ஆசிரியரும் தம் மாணவரை அதன்முன் அழைத்துச் சென்று நிறுத்தலாம்.