பெட்டி முன்னே போகும் பாதை

1935இல் இரண்டு அமெரிக்கப் பெண்கள், இங்கிலாந்தில் நடந்து திரிந்து விடுமுறையைக் கழிக்க யோசனை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கடிதம் ‘டெய்லி ஹெரால்ட்’ நாளிதழில் எழுதிக்கொண்டிருந்த டாம் ஸ்டீபன்சனிடம் வந்தது. நெடிய மலைப்பாதைகள் உள்ள நாட்டிலிருந்து வந்த கேள்வி. அவருக்குச் சுட்டிக்காட்ட அப்படியொரு பாதை இல்லை. மேட்டு நிலத்தின் பெரும்பகுதி நிலக்கிழார்களின் பறவை வேட்டைக்காக அடைபட்டுக் கிடந்தது. நமக்கும் ஒரு நீண்ட பசும்பாதை வேண்டும் என்று அந்த ஜூன் மாதம் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் பென்னைன் வே பிறந்தது. முப்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1965 ஏப்ரல் 24 அன்று திறந்தார்கள். டெர்பிஷயரின் ஈடேல் கிராமத்திலிருந்து ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கிர்க் யெட்டம் வரை 268 மைல். பாதையின் தந்தை என்று ஸ்டீபன்சனைச் சொல்கிறார்கள். உழைத்தவர், தகும். கேள்வி கேட்டவர்கள் மட்டும் இந்தக் கதையில் எப்போதும் ‘இரண்டு அமெரிக்கப் பெண்கள்’.

அவர்கள் கேட்ட விடுமுறை இன்று விலைக்குக் கிடைக்கிறது. ‘சுயவழிகாட்டல் நடைவிடுமுறை’ என்று பெயர். ஒரு நிறுவனம் இரவுதோறும் தங்க வீடு பிடித்துத் தரும். வரைபடமும் வழிக்குறிப்பும் தரும். காலையில் நம் பெட்டியை வேனில் ஏற்றி அன்றைய இரவு தங்கும் இடத்துக்கு முன்பே கொண்டுபோய் வைத்துவிடும். தண்ணீரும் மழைச்சட்டையும் மதியச் சாப்பாடும் மட்டும் தோளில். குழு கிடையாது, வழிகாட்டி கிடையாது, நாமும் மலையும்தான் என்பது இவற்றின் விளம்பரங்களில் பொதுவாகக் கேட்கும் குரல். நான் இதை ஒரு பிரதியாகத்தான் வாசிக்கிறேன். வாசித்தால் ‘சுய’ என்ற முன்னொட்டு உறுத்துகிறது. நனைந்த பூட்ஸைக் கணப்பருகே காயவைத்தது யார்? ஏழு மணிக்கு முட்டை பொரித்தது, ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தது, நடப்பவர் கிளம்பியதும் விரிப்பை உருவித் துவைக்கப் போட்டது? படுக்கையும் காலையுணவும் தரும் இந்த வீடுகளில் பல பண்ணை வீடுகள். கம்பளிக்கும் ஆட்டுக்கும் விலை போதாத குடும்பங்களில், மிச்சமிருக்கும் ஓர் அறையைப் பணமாக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் ‘சுய’த்துக்குள்ளும் இல்லை, ‘வழிகாட்டி’க்குள்ளும் இல்லை.

இது வேன் வந்த பிறகு வந்த வழக்கமல்ல. 1818இல் டோரதி வேர்ட்ஸ்வொர்த், மேரி பார்க்கர் என்ற தோழியோடு இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கில் ஏறினார். அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம், அண்ணன் வில்லியமின் ஏரி நாட்டு வழிகாட்டி நூலில் டோரதியின் பெயரில்லாமல் சேர்க்கப்பட்டது. தனியாய் அலையும் ஆண் கவிஞன் என்ற படிமம் எதன்மேல் ஏறி நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை. பென்னைன் வேக்கு 1968இல் கையேடு எழுதிய ஆல்ஃபிரட் வெயின்ரைட் தனிமையைப் போற்றியவர். ஏரி நாட்டு மலைகளைப் பற்றிய அவருடைய ஏழு கையெழுத்துக் கையேடுகள் ஆண்டுக்கணக்கில் வார இறுதிகளில் நடந்து, இரவுகளில் வரைந்து உருவானவை. அந்த வார இறுதிகளிலெல்லாம் வீடு நடந்தது மனைவி ரூத்தின் கையில். 1967இல் ரூத் வீட்டைவிட்டு வெளியேறினார். பாதையை முடிப்பவருக்கு கிர்க் யெட்டம் மதுவிடுதியில் தன் செலவில் அரை பைன்ட் பியர் என்று வெயின்ரைட் அறிவித்திருந்ததை நடைக்காரர்கள் இன்றும் பிரியமாகச் சொல்கிறார்கள். பொரித்த முட்டைக்கு அப்படி யாரும் கோப்பை உயர்த்தியதாகத் தெரியவில்லை.

பாதையின் ஏறக்குறைய நடுவில் பால்டர்ஸ்டேல் பள்ளத்தாக்கு. அங்கே லோ பிர்க் ஹாட் பண்ணை. பாதை அந்த நிலத்தின் ஊடாகவே போகிறது. பெற்றோரும் மாமாவும் இறந்தபின், 1961 முதல் ஹன்னா ஹாக்ஸ்வெல் அங்கே தனியாக வாழ்ந்தார். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. குளிர்காலத்தில் ஓடையின் பனிக்கட்டியை உடைத்து வாளியில் நீர் கொண்டுவர வேண்டும். பனிப்புயலில் மாட்டுக்கு வைக்கோல் சுமக்க வேண்டும். ஆண்டு வருமானம் 300 பவுண்டுக்கும் கீழே. 1973இல் யார்க்ஷயர் தொலைக்காட்சியின் ஆவணப்படம் அவரை நாடறிந்தவராக்கியது. நரைத்த தலை, கிழிந்த கோட்டு, மென்மையான பேச்சு: நாடு உருகியது. கடிதமும் பணமும் குவிந்தன, பண்ணைக்கு மின்சாரம் வந்தது. வறுமையை எளிமையாக வாசிப்பதில் பார்வையாளர்களுக்கு எப்போதும் ஒரு சுகம் உண்டு.

தொல்காப்பிய உரியியல் ‘புலம்பு’ என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. இன்றைய தமிழில் அது அழுகையோடு ஒட்டிக்கொண்டது. ஹன்னாவின் வேலியோரம் இரண்டும் ஒரே நாளில் கடந்துபோயின. நடப்பவர் இரண்டு வாரத்துக்குத் தனிமையை வாங்கி வந்தார். ஹன்னாவுக்கு அது விட்டு விலக முடியாத வேலை. பசு கறக்காமல் ஒரு நாள்கூட வெளியே தங்க முடியாது. 1988இல், அறுபதைத் தாண்டி, உடம்பு இனித் தாங்காது என்று பண்ணையை விற்றுப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். அதன்பின் ஐரோப்பாவெல்லாம் பயணம் செய்தார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. அவர் விட்டுச்சென்ற புல்வெளி இன்று ‘ஹன்னாவின் புல்வெளி’ என்ற பெயரில் டர்ஹம் வனவுயிர் அறக்கட்டளையின் காப்பில் இருக்கிறது. செயற்கை உரம் படாத நிலம் என்பதால் அருகிப்போன காட்டு மலர்கள் அங்கே பூக்கின்றன. நடப்பவர் நின்று படம் எடுக்கும் அந்த ‘இயற்கை’, ஒரு பெண்ணின் பழைய முறை உழைப்பு.

காலடியையும் பார்க்கலாம். பாதையின் தென்பகுதி கரிச்சேற்று நிலம். ஆயிரக்கணக்கானோர் மிதித்ததில் முழங்கால்வரை இறங்கும் சகதியானது. சதுப்பு அழியாமலிருக்கப் பலகைக் கற்களைப் பாவினார்கள். பல கற்கள் மூடப்பட்ட பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்தவை. வடக்கு இங்கிலாந்தின் நெசவுக்கூடங்களில் நாளெல்லாம் நின்று வேலை செய்தவர்களில் பெரும் பங்கு பெண்கள். விடுமுறை அவர்கள் தேய்த்த கல்லின்மேல் நடக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெட்டி வேனை ஏளனம் செய்வோர் பக்கம் நான் சேரமாட்டேன். முழுச் சுமையையும் முதுகில் தூக்கிக் கூடாரத்தில் படுத்தவனே உண்மையான நடையன் என்ற பேச்சு, ஒரேவகை உடம்பை அளவுகோலாக வைக்கிறது. முழங்கால் தேய்ந்தவள், மாதவிடாய் நின்று இரவில் வியர்த்து விழிப்பவள், இருட்டில் கூடாரத்துக்கு வெளியே காலடி கேட்டால் யாரென்று எண்ண வேண்டியிருப்பவள், இவர்களுக்குப் பூட்டுள்ள அறையும் முன்னே போன பெட்டியும் சொகுசல்ல, நடப்பதற்கான நிபந்தனை. நம் மரபில் நடந்த பெண்கள் யார்? ஔவைக்குக் கதை முதலில் கிழவி உருவம் கொடுத்தது. காரைக்கால் அம்மையார் சதையை உதறிப் பேயுரு கொண்ட பிறகே கயிலைக்குப் போனார். பெண்ணுடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வா, பாதை தருகிறோம்.

2019 ஜனவரியில் பென்னைன் வே முழுவதையும் ஓடும் குளிர்காலப் பந்தயத்தில் ஜாஸ்மின் பாரிஸ் ஆண்களையும் சேர்த்து முதலாவதாக வந்தார். கால்நடை மருத்துவர். வீட்டில் பதினான்கு மாதக் குழந்தை. வழியில் நிறுத்தும் இடங்களில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும்போது அவர் பால் கட்டாமலிருக்கப் பம்பு வைத்துத் தாய்ப்பாலை எடுத்துவிட்டு மறுபடி ஓடினார். 83 மணி 12 நிமிடம். முந்தைய சாதனையைவிடப் பன்னிரண்டு மணி நேரம் குறைவு. பால் எடுத்த நேரமும் அந்தக் கணக்குக்குள்தான்.