மிகை இறப்பும் மூத்துவரும் மக்கள்தொகையும்: கொடைக்கானலை முன்வைத்து ஒரு திறனாய்வு

வழக்கமான ஓராண்டில் எதிர்பார்க்கத்தக்க இறப்புகளை, நிகழ்ந்த இறப்புகளிலிருந்து கழித்தால் கிடைப்பது ‘மிகை இறப்பு’. பெருந்தொற்றின் இழப்பை அளக்க இவ்வளவீடே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. எதிர்பார்க்கத்தக்க எண்ணாக 2015 முதல் 2019 வரையிலான சராசரியைக் கொள்ளும் எளிய முறை, மூத்துவரும் மக்கள்தொகைக்குப் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 2011 கணக்கெடுப்பின்படி 10.4 விழுக்காட்டினர், 2021ஆம் ஆண்டுக்கான அரசின் முன்கணிப்பின்படி 13.6 விழுக்காட்டினர். எடுத்துக்காட்டாக, ஆண்டுதோறும் முதியோரில் ஆயிரத்துக்கு 40 பேரும் ஏனையோரில் 3 பேரும் இறப்பதாகக் கொள்வோம். இவ்வீதங்கள் மாறாதிருந்தாலும், இலட்சம் பேருக்கு 685ஆக இருந்த இறப்பு பத்தாண்டுகளில் 803ஆக உயரும். மேற்கண்ட சராசரியின் நடு ஆண்டு 2017. அதற்கும் 2021க்கும் இடையே நான்காண்டுகள். எனவே, தொற்றே பரவாவிடினும் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 இறப்புகள் ‘மிகை’யாகத் தோன்றும்.

2011இல் 36,501 பேர் வாழ்ந்த கொடைக்கானல் நகருக்கு, மாநில வயதமைப்பையே பொருத்தினாலும் இப்பிழை ஆண்டுக்கு 17 இறப்புகளாகும். இளையோர் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்கும் பழனிமலைச் சிற்றூர்களில் முதியோர் பங்கு இன்னும் மிகுதியாக இருக்கக்கூடும். ஆயின், 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டதால் அவ்வாண்டின் உள்ளூர் வயதமைப்பு எண்ணப்படவில்லை. மேலும், 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவாகிறது. மலையிலிருந்து மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்தவர், மதுரையின் கணக்கில் சேர்வார். ஆகவே தொகுதி பதிவிடம் சார்ந்தும், பகுதி வாழிடம் சார்ந்தும் அமைகின்றன.

எனினும், முதுமையைக் காரணம் காட்டி மிகை இறப்பையே மறுப்பது பொருந்தாது. இந்தியாவில் பதிவான இறப்புகள் 2020இல் 81.2 இலட்சம், 2021இல் ஏறத்தாழ 102 இலட்சம். பதிவுமுறையின் முன்னேற்றத்துக்கு இதில் ஓரளவு பங்கிருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் சிறிதுசிறிதாகவே மாறும் வயதமைப்பு, ஒரே ஆண்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏற்றத்தை விளக்காது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு மதிப்பிட்ட மிகை இறப்பு ஏறத்தாழ 47 இலட்சம்; அரசு அறிவித்த கோவிட் இறப்புகளோ ஏறத்தாழ 4.8 இலட்சம். மதிப்பீட்டின் முறையை இந்திய அரசு மறுத்தது. அம்மறுப்பை முழுமையாக எடைபோட வேண்டுமெனில், வயதுவாரியாகவும் வாழிடவாரியாகவும் தொகுத்த இறப்புத் தரவுகள் வட்ட அளவிலேயே வெளியிடப்பட வேண்டும். அதுவரை, கொடைக்கானல் போன்ற சிற்றூர்களின் இழப்பை மாநிலச் சராசரிகொண்டு உரைப்பது ஊகமாகவே அமையும்.