கணிப்பின் பிழையைச் சுமப்பவர் யார்?

பொருளாதார எதிர்வுகூறல் இன்று அரசாங்கங்களின் அன்றாட மொழியாகிவிட்டது. சர்வதேச நாணய நிதியம் ஆண்டுதோறும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வெளியிடும் 'உலகப் பொருளாதார நோக்கு' அறிக்கையில் ஒரு நாட்டின் பெயருக்கு நேரே அச்சாகும் தசம எண்ணொன்று, அந்நாடு கடன் பெறும் நிபந்தனைகளையும் அதன் வரவு செலவுத் திட்டத்தையும் பாதிக்கும் வலிமை கொண்டது. அந்த எண்ணை நாம் ஒரு செய்தியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு வாதம். வாதம் என்ற வகையில் அது விமர்சனத்துக்கு உட்பட்டதே.

இக்கட்டுரையில் கிரேக்கம் பற்றி அந்நிதியம் எழுதிய இரு ஆவணங்களை அருகருகே வைத்து நோக்க விரும்புகிறோம். முதலாவது, 2010 மே மாதத்தில் 110 பில்லியன் யூரோ கடனுதவிக்கு அடிப்படையாக அமைந்த திட்ட அறிக்கை. இத்தொகையில் நிதியத்தின் பங்கு 30 பில்லியன். இரண்டாவது, அத்திட்டத்தைப் பற்றி நிதியமே 2013 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை.

முதல் ஆவணத்தின் கணிப்பு இதுதான்: அரசாங்கம் 2013 வரையில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 11 சதவீதத்துக்குச் சமமான அளவு செலவைக் குறைத்தும் வரியைக் கூட்டியும் தன் நிதிநிலையைச் சீர்செய்யும், பொருளாதாரம் இரு ஆண்டுகள் சுருங்கி, 2012இல் மீண்டும் வளரத் தொடங்கும். 2009க்கும் 2012க்கும் இடையில் உற்பத்தி 5.5 சதவீதம் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. இரண்டாம் ஆவணம் தரும் உண்மை நிலையோ 17 சதவீத வீழ்ச்சி. 2012இல் வேலையின்மை 15 சதவீதமாக இருக்கும் எனக் கணிக்கப்பட்டிருந்தது. அது 25 சதவீதத்தை எட்டியது. ஓய்வூதியம் வெட்டப்பட்ட முதியவர்களும் படித்துவிட்டு வேலையின்றி நாட்டைவிட்டு வெளியேறிய இளைஞர்களும் இந்த இடைவெளிக்குள்தான் வாழ்ந்தார்கள்.

பிழை எங்கே நேர்ந்தது? நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக அப்போதிருந்த ஒலிவியே பிளாஞ்சார், டானியல் லீ என்பவருடன் இணைந்து 2013 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தருகிறது. அரசாங்கம் ஒரு யூரோவைக் குறைத்தால் நாட்டின் உற்பத்தி எவ்வளவு குறையும் என்பதைக் காட்டும் எண்ணைப் பொருளியலாளர்கள் 'பெருக்கி' என்பர். ஐரோப்பிய நாடுகளுக்கான கணிப்புகளில் இது ஏறத்தாழ 0.5 என உள்ளூர எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. நெருக்கடியின் தொடக்க ஆண்டுகளில் அதன் உண்மை அளவு 1ஐவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது என்பது அவ்வாய்வின் முடிவு.

இந்த வேறுபாட்டின் கனத்தை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். உற்பத்தி 100, கடன் 120 என உள்ள ஒரு நாடு செலவில் 3ஐக் குறைக்கிறது எனக் கொள்வோம். உற்பத்தி குறையும்போது அதில் மூன்றிலொரு பங்கு வரி வருமானமும் குறைகிறது. பெருக்கி 0.5 எனில் உற்பத்தி 98.5 ஆகும், கடன், வரியிழப்பையும் சேர்த்து, 117.5 ஆகும். கடன் விகிதம் 119.3 சதவீதமாக இறங்குகிறது. சிக்கனம் பலன் தருகிறது. பெருக்கி 1.5 எனில் உற்பத்தி 95.5, கடன் 118.5. இப்போது விகிதம் 124.1 சதவீதமாக ஏறுகிறது. கடனை அடைப்பதற்கென்று செய்த தியாகமே கடனின் பாரத்தைக் கூட்டிவிடுகிறது. இரண்டு முடிவுகளுக்கும் இடையில் நிற்பது ஒரேயொரு எடுகோள்தான்.

இது வெறும் அறியாப்பிழையா? இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. ஒரு நாட்டின் கடன் தாங்கக்கூடியது என உயர்ந்த நிகழ்தகவுடன் சொல்ல முடிந்தால் மட்டுமே மிகப் பெரிய தொகையைக் கடனாக வழங்கலாம் என்பது நிதியத்தின் விதி. கிரேக்கத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல அதன் அதிகாரிகளால் முடியவில்லை. எனவே, ஏனைய நாடுகளுக்கும் நெருக்கடி பரவும் அபாயம் இருந்தால் அந்நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று 2010இல் விதியே திருத்தப்பட்டது. அவ்விதிவிலக்கு 2016 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆக, எதிர்காலம் பற்றிய ஐயம் தொடக்கத்திலேயே இருந்தது. திட்ட அறிக்கையும் அபாயங்களைக் குறிப்பிடாமல் விடவில்லை. ஆயினும் வரவு செலவுத் திட்டத்தையும் ஓய்வூதிய வெட்டையும் தீர்மானித்தது அந்த ஐயமன்று; மையத்தில் நின்ற அந்த ஓர் எண்தான்.

மக்ரிபைச் சேர்ந்த அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் வரலாற்றாசிரியர்களின் மீது சுமத்திய குற்றச்சாட்டு இங்கு நினைவுக்கு வருகிறது. படைகளின் தொகையையும் செல்வத்தின் அளவையும் பற்றி வந்த எண்களை அவர்கள் எடைபோடாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார் அவர். அறிவிப்பாளர் நம்பகமானவரா என ஆராய்வதற்கு முன், அறிவிக்கப்பட்ட செய்தி நிகழக்கூடியதுதானா என ஆராய வேண்டும் என்பது அவரது முறை. தனது நாணயத்தின் பெறுமதியைக் குறைக்க இயலாத, அயல்நாடுகளும் அதே வேளையில் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த ஒரு நாடு, இவ்வளவு பெரிய வெட்டுக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் எழுந்து நிற்குமா? அறிவித்த நிறுவனத்தின் பெயரால் ஏற்கப்பட்ட கணிப்பிடம் இக்கேள்வி போதிய அழுத்தத்துடன் கேட்கப்படவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். 2009இல் கிரேக்க அரசின் பற்றாக்குறை உற்பத்தியின் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதன் உண்மை அளவும் பல ஆண்டுகளாக மறைக்கப்பட்டிருந்தது. எவர் கடன் கொடுத்திருந்தாலும் சிக்கனம் தவிர்க்க முடியாததே. எனினும் அதன் வேகமும் பாரம் பகிரப்பட்ட விதமும் தவிர்க்க முடியாதவையல்ல. தனியார் கடன்கொடுத்தோரின் பத்திரங்கள் 2012 மார்ச்சில்தான் 53.5 சதவீதம் குறைக்கப்பட்டன. இந்தத் தாமதத்தைப் பயன்படுத்திப் பலர் தம் முதலை மீட்டுக்கொண்டார்கள் என்பதையும், கடன் பொதுமக்களின் பணத்தின் மீது மாற்றப்பட்டது என்பதையும் 2013இன் மதிப்பீடு ஒப்புக்கொள்கிறது. நம்பிக்கையான ஒரு கணிப்பு, கடன் குறைப்பை ஒத்திப்போட வழிவிட்டது. அதன் பிழைக்கான விலையைச் செலுத்தியவர்கள் அதை எழுதியவர்கள் அல்லர்.

நமது வாசகர்களில் இலங்கையைச் சேர்ந்தோருக்கு இது தொலைவான கதையன்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திய இலங்கைக்கு, நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. இம்முறை கணிப்பு எதிர்த்திசையில் தவறியது: 2024க்கு 1.5 சதவீத வளர்ச்சியே எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்தது 5 சதவீதம். 2024 டிசம்பரில் மாற்றிக்கொள்ளப்பட்ட பத்திரங்களில் ஒரு பகுதி, 2025 முதல் 2027 வரையான உற்பத்தியின் அளவோடு பிணைக்கப்பட்டுள்ளது. கணிப்பைவிட நாடு வளர்ந்தால் கடன்கொடுத்தோருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். குறைந்தால் அவர்களும் இழப்பர். எதிர்வுகூறல் பிழைக்கக்கூடும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியமை ஒரு முன்னேற்றம்தான். எந்த அளவுகோலுக்கு மேல் 'கூடுதல்' எனக் கொள்வது என்ற கேள்வியில் நாட்டின் நலன் தங்கியிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

எதிர்வுகூறலே வேண்டாம் என்பது நமது நிலைப்பாடன்று. மதிப்பீடின்றி எந்த அரசும் ஒரு பாடசாலையைக்கூடத் திட்டமிட முடியாது. நாம் கோருவது இரண்டு: எண்ணோடு அதன் எடுகோள்களும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும், கணிப்பு பிழைத்தால் சுமை யார் மீது விழும் என்பது முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். கிரேக்கத்தில் தன் தவறைத் தானே பதிவு செய்தது நிதியத்தின் நேர்மைக்குச் சான்று. ஆயினும் அந்த ஒப்புதல் அறிக்கையாக வந்தது. வெட்டப்பட்ட ஓய்வூதியமாகத் திரும்பி வரவில்லை.