பெரிய தலை, மூடுபனி, புது ஹெல்மட்

அவிசாவளையில் தொடங்கி கித்துள்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவில் முடியும் ஏ7 வீதியின் நீளம் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். தொடங்கும் இடம் தாழ்நிலப் புழுக்கம். முடியும் இடம் 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் ஊர். மோட்டார் சைக்கிளில் இந்த வழியாக ஏறுகிறவருக்கு கினிகத்தேனைக்குக் கீழே வரை ஹெல்மட்டுக்குள் வியர்வை வழியும். ரொசல்லயைத் தாண்டியதும் அதே ஹெல்மட்டின் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்து, எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

ஹெல்மட் கம்பனிகள் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசும்போது வெயிலையும் வியர்வையையும்தான் சொல்கின்றன. கொழும்பு ஓட்டுநருக்கு அது சரி. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, அக்கரபத்தனைப் பக்கம் அதிகாலையில் பைக்கை எடுக்கும் ஆசிரியருக்கும், பிரட்டுக்களத்துக்குப் போகும் தோட்ட உத்தியோகத்தருக்கும் காற்றோட்டம் என்பது கண் தெரிவதா இல்லையா என்ற கேள்வி. மனிதர் விடும் மூச்சு உடம்பின் சூட்டை ஒட்டியது, ஈரம் நிறைந்தது. குளிர்ந்த கண்ணாடியில் பட்ட நொடியே அது நீர்த்துளியாகப் படிகிறது. அந்த ஈரக் காற்று கண்ணாடிக்குப் போகுமுன் வெளியேற வழி இருக்கவேண்டும். ஒரு பக்கம் கொழுந்து மலை, மறுபக்கம் பள்ளம் என்று போகும் வளைவில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு அம்சத்தைச் சொல்வது கடினம்.

இதில் பெரிய தலைக்காரரின் பாடு இன்னும் ஒரு படி மோசம். ஹெல்மட் சிறிதாக இருந்தால் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றும் அதோடு நின்றுபோகும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உள்நுரையில் நெற்றிக்கு மேலே காற்று போவதற்கென்று வெட்டப்பட்ட வாய்க்கால்கள் இருக்கின்றன. தலை இறுகும்போது துணி மெத்தை அந்த வாய்க்கால்களுக்குள் அமுங்கி அவற்றை அடைத்துவிடுகிறது. தலை முழுதாக உள்ளே இறங்காததால் மூக்கும் வாயும் கண்ணாடிக்குக் கிட்ட வந்து நிற்கின்றன. மூச்சு நேராகக் கண்ணாடியில் மோதுகிறது. ஆகவே பெரிய தலைக்கு அளவும் காற்றோட்டமும் ஒரே தேர்வுதான். துளைகள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன் தலையை அளக்கவேண்டும்.

அளப்பதற்குத் தையற்காரரின் டேப் போதும். புருவத்துக்கு மேல் ஓர் அங்குலம் விட்டு, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்கவேண்டும். 60 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கடை அலுமாரியில் தெரிவுகள் சுருங்கத் தொடங்கும். ஐரோப்பாவில் வழங்கும் ஈசீஈ தரத்தின் பரிசோதனையில் ஹெல்மட்டைப் போட்டு மோதவிடும் தலைவடிவங்களில் மிகப் பெரியதே 62 சென்ரிமீற்றர்தான்.

“எனக்கு எக்ஸ்எல்” என்று கடைக்காரரிடம் சொல்வதில் பிரயோசனம் இல்லை. இந்தியாவின் ஸ்டட்ஸ் ஹெல்மட்டில் எக்ஸ்எல் என்றால் 600 மில்லிமீற்றர். அதே கம்பனி எஸ்எம்கே என்ற பெயரில் விற்கும் ஹெல்மட்டில் 59 முதல் 60 சென்ரிமீற்றர் எல். 61 முதல் 62 எக்ஸ்எல். 63 முதல் 64 டபிள் எக்ஸ்எல். ஜப்பானின் ஷோயெய் பெரும்பாலும் 63 சென்ரிமீற்றரில் நிறுத்திக்கொள்கிறது. கொரியாவின் எச்ஜேசி, சிஎல்-17 என்ற மாதிரியை 5எக்ஸ்எல் வரை செய்தது. எழுத்தை விட்டுவிட்டு சென்ரிமீற்றரைக் கேட்பதே ஏமாறாமல் இருக்க வழி.

மலைநாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. காலைக் குளிருக்குக் கம்பளித் தொப்பியைப் போட்டு அதன்மேல் ஹெல்மட்டை மாட்டுகிறவர்கள் அநேகர். தொப்பியின் கம்பளி 3 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் தலையின் சுற்றளவில் அது கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றரைக் கூட்டும். அதாவது 60 சென்ரிமீற்றர் தலை ஏறக்குறைய 62 ஆகிவிடுகிறது. அந்தத் தொப்பிக்கென்று பெரிய ஹெல்மட் வாங்கினால், தொப்பி இல்லாத நாளில் அது தலையில் ஆடும். விழுந்தால் கழன்றே போகலாம். வெறுந்தலைக்குப் பொருந்தும் ஹெல்மட்டை வாங்கி, உள்ளே பனியன் துணி அளவுக்கு மெல்லிய முகமூடித் தொப்பி போடுவதே நல்லது. கொண்டை போடும் பெண்கள் ஹெல்மட் அணியும் நேரத்தில் முடியைக் கழுத்துக்குக் கீழே பின்னலாக இறக்கிவிட வேண்டும். கொண்டைக்கு இடம் விட்டு வாங்கும் ஹெல்மட் நெற்றியைக் காக்காது.

சுற்றளவு சரியாக இருந்தும் வலிப்பதுண்டு. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை முன்பின்னாக நீண்டது, சிலர் தலை உருண்டை. நீண்ட தலை உருண்டை ஹெல்மட்டுக்குள் போனால் நெற்றி நடுவில் ஒரு புள்ளி மட்டும் எரியும். கடையிலேயே பட்டியைப் பூட்டி இருபது நிமிடம் போட்டுக்கொண்டிருந்து, கழற்றியபின் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தால் சிவந்த தடம் உண்மையைச் சொல்லிவிடும். கன்னங்கள் கொஞ்சம் இறுகுவதில் தவறில்லை. மெத்தை பழகப் பழகத் தளரும். நெற்றி வலி தளராது. கடைக்காரர் அவசரப்பட்டாலும் அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. பிறகு பின்பக்க விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்னால் உருட்டப் பார்க்கவேண்டும். பட்டி பூட்டியிருக்கும்போது கழன்று வருகிற ஹெல்மட்டை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

ஓட்டின் விஷயம் அடுத்தது. விலை குறைந்த பல ஹெல்மட்டுகளில் எல்லா அளவுக்கும் வெளி ஓடு ஒன்றுதான். உள்ளே மெத்தையையோ நுரையையோ மெலிதாக்கி எக்ஸ்எல் என்று ஒட்டிவிடுகிறார்கள். ரெஜிபோம் என்று நாம் சொல்லும் அந்த வெள்ளை நுரைதான் மோதலின்போது நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்வது. ஷோயெய் என்எக்ஸ்ஆர்2 போன்றவற்றுக்கு நான்கு வேறு வேறு ஓடுகள் செய்யப்படுகின்றன. விலையில் ஒரு பகுதி அதற்காகத்தான் போகிறது. அவ்வளவு செலவழிக்க முடியாதவர் கம்பனியிடமோ கடையிலோ “இந்த மாதிரிக்கு எத்தனை ஓடு?” என்று கேட்டு, குறைந்தது இரண்டாவது உள்ளதைப் பார்க்கலாம். இறுகுகிறதே என்று கரண்டிக் காம்பால் நுரையை அமுக்கி இடம் பண்ணுவது மட்டும் வேண்டாம். அமுக்கிய இடத்தில் நுரை தன் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டது.

இனித் துளைகள். முன்னால் தாடையில் ஒன்று, நெற்றிக்கு மேலே ஒன்றோ இரண்டோ, பின்னால் வெளியேற ஒன்றிரண்டு. கடையில் எல்லா ஹெல்மட்டும் இப்படித்தான் தெரியும். உள்மெத்தையைக் கழற்றி, கைப்பேசியின் டோர்ச்சை வெளியே துளையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நல்ல ஹெல்மட்டில் நுரை ஊடாக வெளிச்சம் உள்ளே வரும். சிலவற்றில் ஓட்டின் மேலே அழகான பிளாஸ்டிக் மூடி மட்டும் ஒட்டியிருக்கும், அடியில் நுரை குருடாக நிற்கும். அது காற்றுத் துளை அல்ல, அலங்காரம்.

துளைகள் உண்மையாக இருந்தாலும் மலைப்பாதையில் அவை பாதி பலத்தில்கூட வேலை செய்வதில்லை. எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கிலோமீற்றரில் கிடைக்கும் அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 30 கிலோமீற்றரில் கிடைக்கும். பொகவந்தலாவை வளைவுகளிலும் ரம்பொடை ஏற்றத்திலும் மூடுபனியில் போகும் வேகம் அதுதான், சில இடங்களில் அதற்கும் கீழே. காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது என்ற விளம்பரம் இங்கே அதிகம் உதவாது. துளை அகலமானதா, கையுறை போட்ட விரலால் அதைத் திறந்து மூட முடிகிறதா, தாடைத் துளையின் காற்று நேரே கண்ணாடியின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டு மேலே போகிறதா என்பவையே பார்க்கவேண்டியவை. கண்ணாடியை ஒரு பல் மட்டும் திறந்து நிறுத்தும் வசதி இருந்தால் ஏறுமலையில் அது எல்லாத் துளைகளையும்விடப் பெரிய உதவி.

மூட முடிவதும் முக்கியம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரை எட்டும் மழை. தென்மேற்குப் பருவத்தில் மேல்துளை சரியாக மூடாத ஹெல்மட் உச்சந்தலையில் பீலியைத் திறந்துவிட்டது போலத்தான்.

புது ஹெல்மட்டோடு தாடைக்கு அடியில் மாட்டும் ஒரு துணித் திரை வரும். கீழிருந்து வரும் குளிர்காற்றையும் இரைச்சலையும் அது தடுக்கும். மூச்சையும் உள்ளேயே அடைக்கும். மலையில் கண்ணாடி பூப்பதாக முறையிடுகிறவர் முதலில் செய்யவேண்டியது அதைக் கழற்றிப் பார்ப்பது. குளிருக்காக மூக்குக்கு மேல் மஃப்ளரைச் சுற்றுவதும் அதே தொல்லையைத் தரும், ஏனென்றால் மூச்சு முழுவதும் மேலே, கண்ணாடிக்கே திரும்புகிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்கு இரண்டு கண்ணாடியும் சேர்ந்து பூக்கும்.

இந்தப் பாதைகளுக்கு ஒரே ஒரு வசதிக்குத்தான் காசு என்றால், அது பின்லொக். முன்கண்ணாடியின் உள்பக்கம் இரண்டு சின்ன முளைகளுக்கு நடுவே பொருத்தும் இன்னொரு மெல்லிய தகடு இது. அதன் ஓரத்தைச் சுற்றியுள்ள சிலிக்கோன் விளிம்பு கண்ணாடியோடு ஒட்டி, நடுவில் அசையாத காற்றை அடைத்து வைக்கிறது. மூச்சு படும் தகடு வெளிக்குளிரிலிருந்து பிரிந்துவிடுவதால் சுலபத்தில் பூப்பதில்லை. தகடும் ஓரளவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 30, 70, 120 என்று எண் கூடக்கூடப் பூக்காமல் தாங்கும் திறன் கூடும். நானுஓயா, பட்டிப்பொலைக் குளிருக்கு 70 இருந்தால் நிம்மதி. எஸ்எம்கேயின் பல மாதிரிகளில் முளைகள் கண்ணாடியிலேயே வருகின்றன. தகட்டைத் தனியாக வாங்கவேண்டியிருக்கலாம் என்பதால் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது நல்லது. குறையும் உண்டு. இரவில் எதிர்வெளிச்சம் இரட்டையாகச் சிதறும். விளிம்பு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் உள்ளே ஈரம் புகுந்து, துடைக்க முடியாத பூப்பு வரும். அப்போது முளைகளைத் திருகி இறுக்கவேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை உள்ளே தடவுவது பழைய கைவைத்தியம், சில மணி நேரம் தாங்கும். வெளிப்பக்கம் மூடுபனி படிவது வேறு கதை. அதற்குக் கையுறையின் பெருவிரல்தான் துணை, எந்தத் துளையும் உதவாது. கறுப்புக் கண்ணாடியை மலைநாட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

தாடையை மேலே தூக்கும் வகை ஹெல்மட்டுக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய தலை அதற்குள் சுலபமாக நுழையும். காதும் மூக்குக்கண்ணாடியும் சிக்காது. ஊர்ந்து போகும் ஏற்றத்தில் முகத்தைத் திறந்துகொள்ளலாம். பட்டியில் தைத்த துணி முத்திரையில் பி/ஜே என்று இரண்டு எழுத்தும் இருந்தால், மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் அது பரிசோதனை செய்யப்பட்டது என்று பொருள். பி மட்டும் என்றால் தாடையை மூடித்தான் ஓட்டவேண்டும். பாரம் கூடுதல் என்பதே இதன் பெரிய குறை. நாள் முழுக்க ஓட்டுகிறவரின் கழுத்து அதைச் சொல்லும். 2015-இல் முகத்தை முழுதாக மூடும் ஹெல்மட்டுக்குத் தடை என்று இலங்கைப் பொலிஸ் அறிவித்து, நீதிமன்றம் தலையிட்டதால் அது நின்றது. முகத்தைக் காட்டச் சொல்லும் இடங்களில் ஹெல்மட்டைக் கழற்றாமலே தாடையைத் தூக்கிக் காட்ட முடிவது இந்த வகையின் இன்னொரு சௌகரியம். தாடையே இல்லாத திறந்த ஹெல்மட்டில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் சரளைக்கல் சிதறிய தோட்டப் பாதையில் முகம் குப்புற விழுவதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. அதை இந்தக் கட்டுரை சிபாரிசு செய்யாது.

முத்திரை பார்த்தே வாங்கவேண்டும். இலங்கையின் தரம் எஸ்எல்எஸ் 517. ஈசீஈ முத்திரை என்றால் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் நாட்டின் எண்ணும் இருக்கும். கீழே உள்ள இலக்கம் 06 என்று தொடங்கினால் அது புதிய 22.06 விதிப்படி சோதித்தது. பழைய 22.05-இல் இல்லாத, தலை திருகும் மோதலுக்கான சோதனை அதில் சேர்ந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஈசீஈ ஹெல்மட் ஒரு வீட்டின் பல நாள் உழைப்பு. ஆகவே பணத்தை அளவுக்கும் பின்லொக்குக்கும் கொடுத்து, வர்ணப் படங்களையும் உள்ளே இறங்கும் வெயில் கண்ணாடியையும் விட்டுவிடலாம். படமில்லாத ஒற்றை நிறம் அதே மாதிரியில் விலை குறைவு. பனியில் வெள்ளையோ மஞ்சளோ தூரத்திலேயே தெரியும்.

மாற்றும் காலம் பற்றி அமெரிக்காவின் ஸ்னெல் நிறுவனம் சொல்லும் கணக்கு ஐந்து ஆண்டு. வியர்வையும் தலைக்குத் தடவும் எண்ணெயும் உள்பொருட்களைக் கெடுக்கும் என்பது அதற்கு அது தரும் காரணங்களில் ஒன்று. தேங்காயெண்ணெய் வைத்துச் சீவும் வீடுகளில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மெத்தை கழற்றக்கூடியதாக இருந்தால் மாதம் ஒருமுறை மென்மையான சவர்க்காரத்தில் அலசி நிழலில் காயவைக்கலாம். மழைமாதத்தில் காய மூன்று நாள் பிடிக்கும் என்பதால் மாற்று மெத்தை ஒன்று கிடைத்தால் சேர்த்தே வாங்கிக்கொள்வது நல்லது. அடுப்பங்கரைச் சூட்டிலோ பைக்கின் சைலன்சர் பக்கத்திலோ வைத்து நுரையை உலர்த்தக் கூடாது. ஒருமுறை விழுந்து அடிபட்ட ஹெல்மட் வெளியே கீறல் மட்டும் காட்டினாலும் உள்நுரை நசுங்கியிருக்கலாம். வயதைப் பார்க்காமல் மாற்றவேண்டும். பழையது பின்னால் உட்காரும் தம்பிக்கென்று லயத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் பட்டியைக் கத்தரித்துவிட்டால் வேறு யாரும் அதைத் தலையில் போட முடியாது.