ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு

தமிழ் ரசிகரைப் பற்றிய ஆய்வுகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே ஆள்தான் எதிர்ப்படுகிறார்: மன்றப் பலகை வைப்பவர், முதல் காட்சிக்கு முண்டியடிப்பவர், தேர்தல் வந்தால் கொடி பிடிப்பவர். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் ட்ராப்' (1992) எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் அரசியல் செல்வாக்கான விதத்தை ஆராய்ந்தது. ஸாரா டிக்கி மதுரையில் கள ஆய்வு செய்து 1993இல் வெளியிட்ட நூல், நகர்ப்புற ஏழைகளுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவையும் மன்றங்களின் செயல்பாட்டையும் விவரித்தது. இரண்டிலும் ரசிகர் நடிகரைச் சுற்றியே நிற்கிறார். கேசட் காலத்தில் நடிகரை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்ட பதின்வயதினர் இந்தச் சித்திரத்துக்குள் வரவில்லை. அவர்களுக்கு மன்றம் இல்லை, கையில் ஒரு பாட்டுப் பட்டியல் இருந்தது. பாட்டு ரசிகர் என்ற தனி ஆளைத் தமிழில் உண்டாக்கியது அந்தப் பட்டியல்தான் என்பது என் வாதம்.

பட்டியல் போடும் பழக்கத்துக்கு வானொலியே முதல் பள்ளிக்கூடம். 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. 1957இல் திரைப்பாடலுக்கான விவித் பாரதி சேவை வருவதற்குள் நேயர்கள் இலங்கை வானொலிக்குப் பழகிவிட்டார்கள். 'பொங்கும் பூம்புனல்', 'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து' என்று அதன் தமிழ் நிகழ்ச்சிகள் இங்கே வீட்டுப் பெயர்களாயின. அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பாடல் வரிகளைப் பாடமாகவே ஆக்கியது. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பில் கேட்டுக் கேட்டு, படம் பார்க்காதவருக்கும் பாட்டின் வம்சாவளி மனப்பாடமானது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது, இளையராஜா என்ற புதிய பெயரைக் குறித்துக்கொள்ளத் தயாரான காதுகள் ஏற்கெனவே இருந்தன.

கேசட் அந்தக் காதுக்கு ஒரு கையைக் கொடுத்தது. மந்தாரக்குப்பம் போன்ற ஊரை இங்கே நினைக்கலாம். 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனம் வட்டம் வட்டமாக நெய்வேலி நகரியத்தைத் திட்டமிட்டுக் கட்டியது; அதற்கு வெளியே, கடலூர்–விருத்தாசலம் சாலையில் கடைத்தெருவாக வளர்ந்தது மந்தாரக்குப்பம். மாதச் சம்பளமும் ஷிப்டு வேலையுமாக இருந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த 'டூ இன் ஒன்' எட்டாத பொருளாக இருந்திருக்காது. இத்தகைய கடைத்தெருக்களின் ரெக்கார்டிங் சென்டரில் வெற்றுக் கேசட்டோடு பாட்டுப் பட்டியலையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி. பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டு அடங்கும், ஏழாவது பாதியில் அறுபடும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது, கடைசி மூன்று நிமிடத்துக்கு எந்தச் சின்னப் பாட்டு என்று ஒரு பதினைந்து வயது மூளை கணக்குப் போட்டது. இசைத்தட்டு நிறுவனம் படவாரியாக விற்றதை இந்தப் பட்டியல் கலைத்து, 'ராஜா சோகம்', 'எஸ்.பி.பி.–ஜானகி டூயட்' என்று மறுபடி அடுக்கியது. படத்திலிருந்து பாட்டைக் கழற்றி இசையமைப்பாளர் பெயரில் மாட்டிய வேலையில் அந்தப் பட்டியலை எழுதிவைத்த கேசட் அட்டைக்குப் பெரும் பங்குண்டு.

இது வெறும் திருட்டுப் பதிவுதானே என்று கேட்கலாம். சட்டப்படி பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வட இந்தியாவை ஆராய்ந்த பீட்டர் மானுவலின் 'கேசட் கல்ச்சர்' (1993), திருட்டுப் பதிவின் கேட்டை மறைக்காமலே, மலிவான கேசட் இசைத்தொழிலின் ஏகபோகத்தை உடைத்ததைக் காட்டியது. சட்டமீறல் என்பதால் அது ரசனையின் சாட்சியாக இல்லாமல் போய்விடாது. பாட்டு ஓடியதே நடிகரால்தான் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்கு நடிகர் மோகன் பதில். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) போன்ற படங்களால் 'மைக் மோகன்' ஆனவருக்குப் பல படங்களில் பேச்சுக்குரல் எஸ்.என். சுரேந்தருடையது, பாட்டுக்குரல் பெரும்பாலும் எஸ்.பி.பி.யுடையது. அங்கே பாட்டுத்தான் நடிகரைத் தூக்கி நிறுத்தியது.

பெண்கள் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ரெக்கார்டிங் கடைவாசலில் நின்று பாட்டுப் பேச அவர்களுக்கு வழி குறைவாக இருந்தது. பிரிட்டனில் ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இலேயே, பெண்பிள்ளைகளின் பாப் இசைப் பித்தைத் தெருவில் தேடாமல் படுக்கையறையில் தேடச் சொன்னார்கள். தனியறை அரிதான தமிழ் வீட்டில் அதற்கு ஈடு, பாட்டு வரிகளை எழுதிவைத்த பாட்டு நோட்டுத்தான். பீட்டில்ஸுக்காக அங்கே எழுந்த கூச்சல் இங்கே கேட்கவில்லை என்பதால் பித்து குறைவென்று ஆகாது. அது எழுத்தாக வெளிப்பட்டது. எழுத்து ஊர்வலம் போவதில்லை, அதனால் ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை.

அஸ்வின் புனதாம்பேகர் 2007இல் எழுதிய கட்டுரை, ஏ.ஆர். ரஹ்மானின் இணைய ரசிகர்களை முன்வைத்து, ரசிகர் என்றால் ஒன்று ரவுடி, இல்லையேல் சபா ரசிகர் என்ற இருமையை உடைத்தது. துறைக்கு அது பெரிய திருப்பம். ஆனால் இசையமைப்பாளரை மையமாக வைத்து வாதாடும் ரசிகர் இணையத்தில் பிறந்தவர் அல்லர். 'ரோஜா' (1992) வந்ததும் ராஜாவா ரஹ்மானா என்று மூண்ட சண்டைக்கு வேண்டிய தகவலும் தரவரிசையும் ஏற்கெனவே கையெழுத்தில் தயாராக இருந்தன. மன்றப் பதிவேடுகளைத் தேடிப் போகும் ஆய்வாளர்கள், பழைய பெட்டிகளில் கிடக்கும் கேசட் அட்டைகளையும் பாட்டு நோட்டுகளையும் அதே மரியாதையோடு சேகரித்தால்தான் தமிழ் ரசிகரின் வரலாறு முழுமை பெறும்.