மெலியாத நாயகி

குண்டான பெண் நாயகியானால், படம் முடிவதற்குள் அவளை மெலியவைத்துவிடுவது சினிமா வழக்கம். ஆடம் ஷாங்க்மன் இயக்கிய ‘ஹேர்ஸ்ப்ரே’ (2007) அதைச் செய்யவில்லை. 1962ஆம் ஆண்டு பால்டிமோரில் பள்ளி மாணவி டிரேசி இருக்கும் உடம்போடே ஆடுகிறாள், காதலிக்கப்படுகிறாள். இதற்காகவே இந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தரும் நடன அசைவுகள் கறுப்பின மாணவன் சீவீடிடம் கற்றவை. அவள் ஆடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவன் இனத்தாருக்கு மாதம் ஒரு நாள்தான். இந்தப் பாகுபாட்டுக்கு எதிரான ஊர்வலத்தை அவன் தாய் மேபெல் முன்னின்று நடத்துகிறாள். கதையோ டிரேசியின் பின்னாலேயே போகிறது. இறுதியில் சீவீடின் தங்கை ஐனெஸுக்கு மகுடம் சூட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்தில் அவள் கதைக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. மகுடம் கொடுத்த படம், அவளுக்குக் கதையைக் கொடுக்கவில்லை.