சோகை எரியும் நேரம்

கரும்பு வெட்டி முடிந்த வயலில் காய்ந்த சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஹெக்டேருக்கு 8 முதல் 10 டன் வரை தேறும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்கள் மறுதாம்பு தலைகாட்டுவதற்குள் அதை ஒழித்தாக வேண்டும். ஆள் விட்டு அள்ளினால் கூலி கட்டுப்படியாகாது. அப்படியே விட்டால் எலியும் பாம்பும் குடியேறும். காற்று அடங்கிய சாயங்காலத்தில், வரப்போரமாக ஒரு தீக்குச்சி. படபடவென்று எரிந்து அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். கொடியில் காயும் துணியில் கரித்தூள் படியும். மிச்சப் புகை விடியும்வரை தாழ்ந்தே கிடக்கும்.

இந்தப் புகை எந்தக் கணக்கில் வருகிறது?

நம் நாட்டில் வயல் தீயை எண்ணும் முதன்மையான வழி செயற்கைக்கோள். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை பஞ்சாப், ஹரியானா உள்ளிட்ட ஆறு வட மாநிலங்களின் தீ எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிடுகிறது. இதன் பலம் பெரியது. எந்த மாவட்டத்தில் எத்தனை தீ என்பது மறுநாளே தெரிந்துவிடும்; உள்ளூர் அதிகாரி நினைத்தாலும் மூடி மறைக்க முடியாது. பஞ்சாபில் 2021-ல் 71,304 ஆக இருந்த எண்ணிக்கை 2024-ல் 10,909 ஆகக் குறைந்தது என்று சொல்ல முடிவதே இந்த ஏற்பாட்டால்தான்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். அக்வா, சுவோமி என்பிபி போன்ற செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைப் பிற்பகலில் ஒருமுறையும் நள்ளிரவு தாண்டி ஒருமுறையும் கடக்கின்றன. அந்தக் கணத்தில் எரிவது மட்டுமே பதிவாகும். நாசா ஆய்வாளர் ஹிரேன் ஜேத்வா 2024 அக்டோபரில் இதை வெளிப்படையாகவே எழுப்பினார். ஒரே இடத்தை இடைவிடாமல் பார்க்கும் கொரியச் செயற்கைக்கோளின் படங்களை வைத்து, இந்தப் பார்வை நேரம் கடந்த பிறகே வயல்கள் எரிவதாகக் காட்டினார். ஆக, எண்ணிக்கையின் சரிவில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு நேர மாற்றம் என்று பிரித்தறியாமல் அதைக் கொண்டாடுவது தவறு.

கல்லாவியில் யாரும் செயற்கைக்கோளுக்குப் பயந்து நேரம் பார்ப்பதில்லை. காற்று அடங்குவது சாயங்காலத்தில், அவ்வளவுதான். ஆனால் 6 மணிக்குப் பற்றி 6.30-க்கு அணையும் தீ இரண்டு பார்வைக்கும் நடுவே நழுவிவிடும். அக்வாவிலுள்ள மோடிஸ் கருவியின் படத்தில் ஒரு கட்டம் 1 கிலோமீட்டர். சுவோமி என்பிபியிலுள்ள விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர், அதாவது ஏறத்தாழ 35 ஏக்கர். அதற்குள் ஒரு ஏக்கர் சோகை கொழுந்துவிட்டு எரிந்தால் ஒருவேளை தெரியும். பனியில் நமத்துப் புகைந்தால் தெரியாது. சூடு குறைந்த அந்தப் புகைச்சல்தான் நுண்துகளை அதிகம் கக்குகிறது என்பது இந்த முறையின் ஆகப் பெரிய ஓட்டை.

மாற்றாகக் காகிதக் கணக்கு ஒன்று உண்டு. விளைச்சலிலிருந்து கழிவைக் கணித்து, அதில் எரியும் பங்கால் பெருக்கி, கிலோவுக்கு இத்தனை கிராம் துகள் என்று முடிப்பார்கள். மேகமோ நேரமோ இதற்குத் தடையில்லை. எரியும் பங்கு எவ்வளவு என்பதில்தான் தடுமாறுகிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் (ஐபிசிசி) 1996-ஆம் ஆண்டு வழிகாட்டி வளரும் நாடுகளுக்குப் பொதுவாகக் கால் பங்கு என்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நெல் வைக்கோலும் கேழ்வரகுத் தாளும் மாட்டுக்குத் தீவனம். போர் போட்டுக் காப்பாற்றுவார்களே தவிரக் கொளுத்த மாட்டார்கள். சோகையோ பெரும்பாலும் நெருப்புக்குத்தான். ஒரே பங்கைப் போட்டால் வைக்கோலுக்குக் கூடுதலாகவும் சோகைக்குக் குறைவாகவும் கணக்கு வரும்.

தரையில் அளப்பதோ ஓசூரில். சிப்காட் பகுதிக் காற்றை அளக்கும் நிலையம் கல்லாவியிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே பதிவாவது ஆலைப் புகையும் நெடுஞ்சாலை லாரிப் புகையும். நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு மாலை நேரப் புகை நாள் சராசரியில் கரைந்தும் போகும். சோகை எரியும் தெருவில் சுவாசிக்கும் குழந்தைக்குச் சராசரி ஏது?

விலை மலிந்த ஒளிச்சிதறல் கருவிகளை ஊராட்சிப் பள்ளிக் கூரைகளில் வைக்கலாம். விடியற்காலை ஈரத்தில் அவை அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், வடிதாளில் துகளைப் பிடித்து எடைபோடும் கருவி ஒன்றையாவது துணைக்கு வைக்க வேண்டும். அந்த வடிதாளில் லெவோகுளுக்கோசன் இருந்தால் எரிந்தது தாவரப் பொருள், டீசல் அல்ல என்று அறியலாம். அது வயலா, வீட்டு விறகடுப்பா என்பதை அந்த வேதிப்பொருள் சொல்லாது. எந்த வயலில் எந்த நாளில் வெட்டு முடிந்தது, எப்போது கொளுத்தினார்கள் என்று ஊரில் ஒருவர் நோட்டில் குறித்து வைத்தால், கருவியின் ஏற்ற இறக்கத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கலாம்.